சம்பளம் இல்லை, சரி, பதிலுமா இல்லை? கர்லி தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்லி இணைய அடைவின் (தளங்களை மனிதர்கள் பார்த்துத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கும் பட்டியல், டிமோஸ் என்ற பழைய அடைவின் வாரிசு) தொகுப்பாளர்களுக்கு, முக்கியமாக டிமோஸ் காலத்திலிருந்தே அங்கே இருக்கும் பழைய ஆட்களுக்கு,

வணக்கம். இதைத் தமிழில் எழுதுவதால் உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு நேரடியாகப் படிக்க முடியாது என்று தெரியும். ஆனால் உங்கள் அடைவில் தமிழுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, டிமோஸ் நாளிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் யாராவது இருந்தால் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லட்டும். அப்படி யாருமே இல்லை என்றால், அதுவும் நான் சொல்ல வந்த விஷயத்தில் சேர்ந்ததுதான்.

2017 மார்ச் 17 அன்று டிமோஸை மூடியபோது இணையத்தில் இரண்டு கூட்டம் இருந்தது. ஒன்று, ஒரு காலகட்டமே முடிந்துவிட்டது என்று உருகியது. இன்னொன்று, ஒழிந்தது சனியன் என்று கைதட்டியது. இரண்டாவது கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் சின்னச் சின்னத் தளம் நடத்துகிறவர்கள், கடைக்காரர்கள், மற்றவர்களுக்குத் தளம் செய்து கொடுத்துப் பிழைக்கிறவர்கள். உங்களில் பலர் அவர்களை மொத்தமாக 'ஸ்பாமர்கள்' என்று ஒதுக்கிவிட்டீர்கள். ஸ்பாமர்களும் இருந்தார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் அத்தனை வருஷமாக அவ்வளவு கோபம் எதற்கு என்று ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்தீர்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நீங்கள் செய்தது பெரிய வேலை, அதில் எனக்குச் சண்டையே இல்லை. மூடும்போது 38 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிவுகள், சுமார் 90 மொழிகள்; இதை எல்லாம் சம்பளம் வாங்காத மனிதர்கள் ராத்திரி கண்விழித்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இரண்டு வரி விவரம் எழுதிச் சேர்த்தது. என் சண்டை ஒரே ஒரு பதிலோடுதான். ஏன் சேர்க்கவில்லை, எப்போது பார்ப்பீர்கள், யார் எடுத்தது, எதற்காக எடுத்தார் என்று என்ன கேட்டாலும் கடைசியில் வந்து நின்ற பதில், நாங்கள் தன்னார்வலர்கள், எவருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை என்பது. அன்னதானப் பந்தியில் பரிமாறுகிறவரும் சம்பளம் வாங்குவதில்லை. அதற்காக வரிசையில் ஒரு இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டு, 'ஏன் சாமி' என்று கேட்பவரிடம் நான் சேவை செய்ய வந்தவன், என்னைக் கேட்காதே என்று சொல்ல முடியுமா?

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது தளம் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு டிமோஸ் என்ற பெயரே தெரியாது. 1998 ஜூனில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த ரிச் ஸ்க்ரென்டா, பாப் ட்ரூவெல் என்ற இரண்டு பேர் 'க்னூஹூ' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். (இந்த ஸ்க்ரென்டா பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, 1982-ல், ஆப்பிள் கணினிகளில் பிளாப்பி வழியாகப் பரவிய 'எல்க் க்ளோனர்' வைரஸை எழுதியவர். ஒரு விஷயம் எப்படிப் பரவும் என்று சின்ன வயசிலேயே தெரிந்த மனிதர்.) க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்து ஆட்கள் பெயரை மாற்றச் சொன்னார்கள், 'நியூஹூ' ஆனது. அதற்கு யாஹூ முகம் சுளித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் வாங்கி 'ஓப்பன் டைரக்டரி ப்ராஜெக்ட்' என்று ஆக்கியது, பிறகு நெட்ஸ்கேப்பையே ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் வாங்கியது. டைரக்டரி டாட் மொசில்லா என்ற முகவரியில் இருந்ததால் டிமோஸ் என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது.

எதற்காகத் தொடங்கினார்கள் என்பதுதான் இதில் முக்கியம். அப்போது வலையின் ராஜா யாஹூவின் டைரக்டரி. அங்கே சம்பளத்துக்கு இருந்த ஆட்களால் குவிகிற தளங்களைப் பார்த்து முடிக்க முடியவில்லை, கொடுத்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தால் நகரும் என்பது டிமோஸின் கணக்கு. வலை வளர வளர அதைப் பிரித்து அடுக்கும் கைகளும் சேர்ந்தே வளரும் என்றார்கள். ஒரு சமூக ஒப்பந்தமே எழுதி வைத்தார்கள்: சேர்ப்பதற்குக் காசு கிடையாது, தரவு எல்லோருக்கும் இலவசம். யாஹூ பின்னால் வணிகத் தளங்களுக்கு 'பார்ப்பதற்கு' மட்டும் வருஷத்துக்கு 299 டாலர் வாங்கியது. காசு கட்டினாலும் சேர்ப்பார்கள் என்ற உறுதி இல்லை, ஆனால் சேர்க்கிறோம், இல்லை என்று ஒரு பதிலாவது வந்துவிடும். டிமோஸ் காசே வாங்கவில்லை. பதிலும் தரவில்லை. யாஹூவின் தாமதத்தைப் பார்த்துப் பிறந்த ஒன்று சில வருஷத்திலேயே அதைவிடப் பெரிய தாமதமாக ஆனது எப்படி என்று உங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சரி, ஒரு அடைவில் இடம் கிடைக்கவில்லை என்றால் போகிறது, அதற்கு எதற்கு இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். அந்தத் தரவை இலவசமாகக் கொடுத்தீர்களே, அங்கேதான் விஷயம் மாறியது. ஆர்டிஎஃப் கோப்பாக மொத்த அடைவையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்றதும் லைகோஸ், ஹாட்பாட், ஏஓஎல் தேடல் எல்லாம் எடுத்துக்கொண்டன. 2000-ல் கூகுளும் எடுத்து 'கூகுள் டைரக்டரி' என்று போட்டது. உங்கள் பட்டியலையே வைத்து, அகரவரிசைக்குப் பதிலாகப் பேஜ்ரேங்க் (இணைப்புகளை எண்ணிப் போடும் மதிப்பெண்) வரிசையில் அடுக்கி, பக்கத்தில் ஒரு பச்சைக் கோடும் போட்டுக் காட்டியது. அதுபோக ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கான தளங்கள் அப்படியே காப்பி அடித்து வைத்தன. ஆக ஒரு தொகுப்பாளர் ஒரு ராத்திரி ஒரு பிரிவில் ஒரு வரி சேர்த்தால், கொஞ்ச நாளில் அந்தத் தளத்துக்கு அத்தனை இடங்களிலிருந்தும் இணைப்பு விழும். யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்று எண்ணித்தான் கூகுள் வரிசைப்படுத்தியது என்பதால் இதற்குத் தனிச்சலுகை எதுவும் தேவைப்படவில்லை. கணக்கே பார்த்துக்கொண்டது.

கூகுள், தளம் நடத்துகிறவர்களுக்கான தன் வெப்மாஸ்டர் வழிகாட்டியிலேயே, உங்கள் தளத்தை ஓப்பன் டைரக்டரி, யாஹூ மாதிரியான அடைவுகளில் கொடுங்கள் என்ற பொருளில் ஒரு வரி எழுதி வைத்திருந்தது. 2008-ல்தான் அதை எடுத்தார்கள். தேடலில் ராஜாவாக இருக்கிறவனே போய் அந்தக் கதவைத் தட்டு என்கிறான், கதவுக்குப் பின்னால் இருக்கிறவர் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார். நடுவில் நிற்பவன் என்ன செய்வான்?

அந்தக் கதவு எப்படி இருந்தது என்று உள்ளே இருந்த உங்களுக்கு மறந்திருக்கலாம். கோயம்புத்தூரில் பம்பு செட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி தளம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, எந்தப் பிரிவு? 'பிசினஸ்' என்று தொடங்கித் தொழிற்சாலைச் சாமான்கள் வழியாகப் பம்புவரை இறங்குவதா, இல்லை 'ரீஜனல்' என்று தொடங்கி ஏசியா, இந்தியா, தமிழ்நாடு என்று ஊர்வரை இறங்குவதா? தளம் தமிழில் இருந்தால் இரண்டும் இல்லை, 'வேர்ல்டு' என்பதற்குக் கீழே தமிழில் தேட வேண்டும். தவறான பிரிவில் கொடுத்தால் அங்கிருக்கும் தொகுப்பாளர் சரியான இடத்துக்குத் தள்ளிவிடுவார், அங்கே மறுபடி காத்திருப்பு. இரண்டு இடத்திலும் கொடுத்தால் ஸ்பாம் என்று பார்க்கப்படலாம். அப்புறம் ஒரு படிவம்: முகவரி, தலைப்பு, விவரம், மின்னஞ்சல். தலைப்பில் கம்பெனியின் பெயர்தான் இருக்க வேண்டும், 'தென்னிந்தியாவின் நம்பர் ஒன்' எல்லாம் கூடாது. இந்த விதி எனக்குப் பிடிக்கும், இன்றைக்கும் பல இடங்களுக்குத் தேவைப்படும் விதி.

அனுப்பும் பொத்தானை அழுத்தினால் நன்றி என்று ஒரு பக்கம் வரும். அத்தோடு சரி. அது போய் விழுந்த இடம் ஒரு வரிசை கிடையாது, ஒரு குளம். முதலில் வந்ததை முதலில் பார்க்க வேண்டும் என்ற விதி இல்லை. தொகுப்பாளர் தனக்குத் தோன்றியதை எடுக்கலாம், குளத்தின் பக்கமே போகாமல் தானாகத் தேடிக் கண்டுபிடித்த தளத்தையும் சேர்க்கலாம். சிலருக்கு ஒரு வாரத்தில் நடந்தது, சிலருக்கு வருஷக்கணக்கில் நடக்கவில்லை. மறுபடி அனுப்பிப் பார்க்கலாம் என்றால், பழைய கோரிக்கையின் மேல் புதியது எழுதப்பட்டுத் தேதியும் மாறும் என்று எச்சரிப்பீர்கள். சேர்த்தால் மின்னஞ்சல் இல்லை, நிராகரித்தாலும் இல்லை. நிராகரிக்கப்பட்டு மூன்று வருஷம் ஆன தளத்துக்காரர் இன்னும் பார்க்கவில்லை போல என்று காத்துக்கொண்டிருக்கலாம். பிரிவுப் பக்கத்தின் அடியில் ஒன்று தொகுப்பாளரின் புனைபெயர் இருக்கும், இல்லையென்றால் 'இந்தப் பிரிவைத் தொகுக்க முன்வாருங்கள்' என்று ஒரு அழைப்பு இருக்கும். மேல் பிரிவுக்காரர் கீழே உள்ள எல்லாவற்றையும் தொகுக்கலாம் என்பதால் காலியாக இல்லை என்பீர்கள். ஆனால் லட்சக்கணக்கான பிரிவுகளுக்கு மேலே இருப்பவர் எத்தனை குளத்தைத்தான் எட்டிப் பார்ப்பார்? முகப்பில் 90,000-க்கும் மேற்பட்ட தொகுப்பாளர்கள் என்று போட்டிருந்தீர்களே, அது ஆரம்பத்திலிருந்து வந்து போன எல்லோரையும் கூட்டிய எண். அந்த நேரத்தில் கையில் வேலை வைத்திருந்தவர்கள் அதில் ஒரு சிறு பங்கு.

உங்கள் பக்க நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. இது தளக்காரர்களுக்கான சேவை இல்லை, வாசிக்க வருகிறவர்களுக்கான அடைவு என்பீர்கள். கொடுப்பது கோரிக்கைகூட இல்லை, வெறும் யோசனை. குளத்தில் கிடந்ததில் பெரும்பகுதி குப்பை, ஒரே ஆள் ஒரே கடையை இருபது முகவரியில் போட்டு அனுப்பியது. இன்ன காரணத்துக்காக நிராகரித்தோம் என்று சொன்னால் நல்லவர் திருந்துவார், ஸ்பாமர் தந்திரத்தை மாற்றிக்கொண்டு மறுபடி வருவான். இதெல்லாம் உண்மைதான். காலாவதியான முகவரிகளை வாங்குகிற ஒரு வியாபாரமே டிமோஸை நம்பி நடந்தது: ஒரு பள்ளிக்கூடமோ சங்கமோ தளத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், டிமோஸில் பட்டியலான முகவரி என்பதற்காகவே ஒருவன் அதை வாங்கி அங்கே சூதாட்டக் கடை போடுவான். செத்த இணைப்புகளைக் கண்டுபிடிக்க 'ரோபோசில்லா' என்று ஒரு ரோபோவை ஓட்டினீர்கள். ஆனால் இந்த மாதிரி முகவரி சாகவில்லையே, ஆள் மட்டும்தான் மாறியிருக்கிறான், ரோபோவுக்கு எப்படித் தெரியும்? ஒரு மனிதர் திறந்து பார்த்தால்தான் தெரியும். இந்தப் பாட்டை எல்லாம் வெளியே இருந்து பேசுவது சுலபம் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 'சேவை இல்லை' என்ற வாதம் உங்கள் பட்டியல் உங்கள் பக்கத்தில் மட்டும் இருந்திருந்தால்தான் நிற்கும். தரவைக் கொடுத்தது நீங்கள், அதை யார் யார் எதற்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும், பயன்படுத்துகிறவர்களின் பட்டியலைப் பெருமையாக அடைவிலேயே போட்டும் வைத்திருந்தீர்கள். பிழைப்பைத் தொடுகிற இடத்துக்கு உங்கள் வரி போய்ச் சேர்கிறது என்று தெரிந்த பிறகும், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து, எழுதவே கொஞ்சம் சங்கடமான விஷயம். ஒரு துறைக்குத் தொகுப்பாளராக யார் விண்ணப்பிப்பார்கள்? அந்தத் துறையைத் தெரிந்தவர்கள். அந்தத் துறையைத் தெரிந்தவர்கள் யார்? பாதிப் பேர் அதிலேயே தொழில் செய்கிறவர்கள். பறவை பார்ப்பது, பழைய நாணயம் போன்ற பிரிவுகளில் இது பிரச்சினையே இல்லை, அங்கே டிமோஸ் அற்புதமாக இருந்தது. வீட்டுக்கடன், வெப் ஹோஸ்டிங், சுற்றுலா, மருந்து என்று காசு புரளும் பிரிவுகளில்தான் சிக்கல். போட்டியாளரின் தளத்தைக் குளத்திலேயே ஊறப் போடலாம். விவரத்தை வேண்டுமென்றே உப்புச்சப்பில்லாமல் எழுதலாம். தன் தளத்தை நாலு பிரிவில் நட்டுவைக்கலாம். இதற்கெல்லாம் விதி இருந்தது, நானே சொல்லிவிடுகிறேன்: சம்பந்தமுள்ள தளங்களை அறிவிக்க வேண்டும், தனக்குச் சாதகமாகச் செய்தால் கணக்கு போய்விடும், முறைகேட்டைப் புகார் செய்ய வெளியாருக்கும் ஒரு பக்கம் இருந்தது. சிலரை வெளியேற்றவும் செய்தீர்கள்.

ஆனால் யாரை வெளியேற்றினீர்கள், எதற்கு என்று வெளியே சொல்லவில்லை. புகார் கொடுத்தவருக்கும் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்ற விவரம் தெரியாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் உள்ளே ஒரு பதிவேடு இருந்தது, யார் எப்போது சேர்த்தார், எடுத்தார், என்ன குறிப்பு எழுதினார் என்று. அதைத் தொகுப்பாளர்கள் மட்டும்தான் பார்க்கலாம். அதனால் என்ன ஆனது? காசு கொடுத்தால் டிமோஸில் இடம் வாங்கித் தருகிறேன் என்று எவனோ ஒருவன் விளம்பரம் செய்தால், அவன் உண்மையிலேயே ஒரு கெட்ட தொகுப்பாளரா, இல்லை ஏமாற்றுக்காரனா என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒழுங்காக வேலை செய்த நூறு பேருக்கும் சேர்த்துக் கெட்டபெயர். நேர்மையாக இருந்தவர்களுக்குத் தங்கள் நேர்மையைக் காட்ட ஒரு காகிதம்கூட நீங்கள் கையில் கொடுக்கவில்லை. எனக்கு உங்கள் மேல் இருக்கும் பெரிய வருத்தமே இதுதான், இது வெளியாரைவிட உங்கள் ஆட்களுக்குச் செய்த அநியாயம்.

தன்னார்வலர்களால் இதையெல்லாம் வெளியே வைக்க முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விக்கிப்பீடியாவும் தன்னார்வலர்கள்தான். ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் யார், எப்போது, முன்பு என்ன, பின்பு என்ன என்று வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது. நீக்கினால் காரணம் ஒரு வரி இருக்கிறது, பிடிக்காவிட்டால் பேச்சுப் பக்கத்தில் சண்டை போடலாம். வெளி இணைப்புகளால் தேடல் வரிசை கெடுகிறது, அதனால்தான் ஸ்பாம் கொட்டுகிறது என்று தெரிந்ததும் 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா எல்லா வெளி இணைப்புக்கும் நோஃபாலோ, அதாவது இந்த இணைப்பைத் தேடல் வரிசைக்குக் கணக்கில் எடுக்காதே என்ற குறி, போட்டுவிட்டது. விளம்பரத் தடுப்பான்கள் பயன்படுத்தும் ஈஸிலிஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் தன்னார்வப் பட்டியல், அதில் ஒரு வரி விழுந்தால் ஒரு தளத்தின் வருமானமே அடிபடும். ஆனால் நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒவ்வொரு மாற்றமும் திறந்து கிடக்கிறது, தளக்காரர் போய் இதை ஏன் போட்டாய் என்று கேட்கலாம். அங்கேயும் பேச்சுப் பக்கங்களில் அராஜகம் உண்டு, தமிழ் விக்கியில் கொஞ்ச நாள் புழங்கியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அராஜகம் நடந்தது என்று ஆதாரத்தோடு காட்ட முடிகிறது. அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

சேர்க்காமல் விட்டதற்கு மட்டுமா கோபம்? சேர்த்தவர்களுக்கும் ஒரு தலைவலி இருந்தது. நீங்கள் எழுதிய இரண்டு வரி விவரத்தை எடுத்து, தேடல் முடிவில் அந்தத் தளத்தின் பெயருக்குக் கீழே கூகுள் போடும். 2001-ல் ஒருவர் பார்த்து எழுதியது. அதற்குப் பிறகு அந்தக் கடை தொழிலை மாற்றியிருக்கும், ஊர் மாறியிருக்கும், ஆனால் தேடுகிறவன் கண்ணில் படுவது பழைய வரி. தளக்காரர் தன் பக்கத்தில் எவ்வளவு ஒழுங்காக விவரம் எழுதி வைத்தாலும் பயனில்லை. திருத்தச் சொல்லிக் கோரிக்கை கொடுக்கலாம், அதுவும் அதே குளத்தில் போய் விழும். கடைசியில் 2006-ல் முதலில் எம்எஸ்என், பின்னாலேயே கூகுள், 'நோஓடிபி' என்று ஒரு மெட்டா டேக்கை (பக்கத்தின் நிரலில் தேடுபொறிக்காக எழுதும் குறிப்பு) ஏற்றுக்கொண்டார்கள். டிமோஸ் விவரத்தைக் காட்டாதே என்று தேடுபொறிக்குச் சொல்ல மட்டும் ஒரு தனிக் குறி! ஒரு அடைவின் தகவலை மறுப்பதற்கென்றே உலகம் முழுக்கத் தளக்காரர்கள் பக்கத்துக்குப் பக்கம் ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதை உங்களுக்கு வந்த புகார்க் கடிதமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். டிமோஸ் மூடிய பிறகு 2017-ல் கூகுள் அந்தக் குறியைக் கைவிட்டது, இன்னும் பழைய தளங்களின் மூலநிரலைத் திறந்தால் அது அங்கே கிடக்கும்.

அதே 2006 அக்டோபரில் டிமோஸ் சர்வர் விழுந்தது. தொகுப்பாளர்கள் உள்ளே நுழையவே டிசம்பர் ஆயிற்று, வெளியார் கோரிக்கை கொடுக்க அதற்கு மேலும் ஆனது. உலகத் தேடுபொறிகள் தோள் சாய்ந்திருந்த ஒரு பட்டியல் ஏஓஎல்லின் ஏதோ ஒரு மூலையில் கவனிப்பாரற்று ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. இதில் தவறு உங்களுடையது இல்லை, ஏஓஎல்லினுடையது. வேலை செய்வது நீங்கள், சாவி அவர்கள் கையில். 2017-லும் அதே கதைதான், தரவைக் கொண்டுவந்து நீங்கள் கர்லியைக் கட்டினீர்கள், பெயரும் முகவரியும் அங்கேயே போய்விட்டன.

கூகுளையும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. மற்றவர் வீட்டு வேலையை எடுத்துத் தன் முகப்பில் போட்டுக்கொண்டது, தளக்காரர்களை உங்கள் பக்கம் அனுப்பியது, அப்புறம் 2008-ல் அந்த வரியைச் சத்தமில்லாமல் எடுத்தது, 2011-ல் கூகுள் டைரக்டரியையும் மூடியது. இடைப்பட்ட காலத்தில் அடைவில் இடம் பிடித்தால் தேடலில் மேலே வரலாம் என்ற நம்பிக்கை ஊரெல்லாம் பரவி, டிமோஸில் இடம் கிடைக்காதவர்களைக் குறிவைத்து ஆயிரக்கணக்கான போலி அடைவுகள் முளைத்தன. எல்லாம் ஒரே பிஎச்பி ஸ்கிரிப்ட், ஒரே முகம், ஐந்து டாலரிலிருந்து விலை. 2012 ஏப்ரலில், செயற்கை இணைப்புகளைத் தண்டிக்கும் 'பெங்குவின்' என்ற கூகுள் மாற்றம் வந்தபோது அந்த இணைப்புகளே பாரமாகிவிட்டன. எனக்குத் தெரிந்த ஒருவருக்காக அப்படி ஓர் அடைவுக்கு, தயவுசெய்து எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். எடுப்பதற்கும் கட்டணம் உண்டு என்று பதில் வந்தது. (அவர்களாவது பதில் போட்டார்கள்!) அந்த வருஷக் கடைசியில் கூகுளே, இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்ல ஒரு வசதி கொடுத்தது. உங்கள் கதவு ஒழுங்காகத் திறந்து மூடியிருந்தால் இந்தச் சந்தை இவ்வளவு பெருத்திருக்காது என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது, ஆனால் மாற்றிக்கொள்வதாகவும் இல்லை.

இப்போது எதற்குப் பழங்கதை, கர்லியை வைத்து யாரும் தேடல் வரிசையை முடிவு செய்வதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நேரடியாக இல்லைதான். ஆனால் மனிதர்கள் பார்த்துப் பிரித்த பட்டியல் என்பது மறுபடி விலையேறும் சரக்கு. தளங்களைத் துறைவாரியாகப் பிரிக்க நிரல்களைப் பழக்கிய ஆராய்ச்சியாளர்கள் எத்தனையோ பேர் டிமோஸ் தரவைத்தான் எடுத்தார்கள். அமேசானின் அலெக்ஸா துறைவாரித் தரவரிசை போட்டதும் உங்கள் பிரிவுகளை வைத்துத்தான். இயந்திரம் எழுதிய பக்கங்கள் வலையை நிரப்பிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், ஒரு மனிதர் திறந்து பார்த்தார் என்ற முத்திரைக்கு யாராவது ஒரு நாள் எடை போடத் தொடங்கினால் அது மறுபடி உங்கள் தலையில்தான் வந்து விழும். அப்போது 'நாங்கள் தன்னார்வலர்கள்' என்று சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், இப்போது கூட்டம் இல்லாத நேரத்தில் சரி செய்துகொள்ளுங்கள் என்பதற்குத்தான் இவ்வளவும்.

நான் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு பிரிவிலும் குளத்தில் எத்தனை கிடக்கிறது, அதில் மிகப் பழையது எந்தத் தேதி என்று பக்கத்தின் அடியில் இரண்டு எண் போடுங்கள்; நீளம் தெரிந்தால் பாதிப் பேர் திட்டாமல் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நிராகரித்தால் தெரியப்படுத்துங்கள், மின்னஞ்சலில் கட்டுரை வேண்டாம், உங்கள் விதிகளில் எந்த விதி என்று ஒரு எண் போதும். ஸ்பாமருக்கு அது உதவும் என்ற பயம் நியாயம்தான், ஆனால் உங்கள் விதிகள் ஏற்கெனவே வெளியேதான் இருக்கின்றன, அவன் படித்துவிட்டுத்தான் வருகிறான். சேர்த்தது, எடுத்தது, மாற்றியது என்ற பதிவேட்டை வெளியே வையுங்கள், தொகுப்பாளரின் நிஜப் பெயர் யாருக்கும் வேண்டாம், புனைபெயர் போதும். காசு புரளும் பிரிவுகளில் இருப்பவர் தனக்குச் சம்பந்தமுள்ள தளங்களைத் தன் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி அறிவிக்கட்டும். சேர்த்த விவரத்தின் பக்கத்தில் எந்த வருஷம் பார்த்து எழுதியது என்று போடுங்கள், 2003-ல் எழுதியது என்று தெரிந்தால் படிப்பவன் அதற்கேற்ப எடுத்துக்கொள்வான். இதற்கு மேல் ஆள்பலம் இல்லை என்றால் சில பிரிவுகளை மூடிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. திறந்திருப்பதுபோல் காட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் படிவம் வாங்கிப் போடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

கடைசியாக, தமிழ்ப் பிரிவு. அதற்குத் தொகுப்பாளராக விண்ணப்பம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். மாதிரிக்குச் சில தளங்களைத் தலைப்பும் விவரமுமாக எழுதிக் கொடுக்க வேண்டும், எனக்குச் சம்பந்தமுள்ள தளங்களையும் சொல்ல வேண்டும் என்று தெரியும், இரண்டும் தயார். இந்த மடலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக நிராகரியுங்கள். எந்தக் காரணத்துக்காக என்று மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
தமிழ்த் தளங்களைத் தேடிப் படிக்கும் ஒரு வாசகன்